ஃபிராங்கன்ஸ்டைன் செய்த குற்றம் எது?

செயற்கை நுண்ணறிவு பற்றியோ மரபணுத் திருத்தம் பற்றியோ பரபரப்பான செய்தி ஒன்று வந்தால் போதும், இரண்டு நாளில் யாராவது ‘இது ஃபிராங்கன்ஸ்டைன் கதைதான்’ என்று எழுதிவிடுவார்கள். 1992-ல் ஓர் அமெரிக்க ஆங்கிலப் பேராசிரியர் மரபணு மாற்றிய உணவுகளைப் பற்றி ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதில் அவர் போட்ட ‘ஃபிராங்கன்ஃபுட்’ என்ற சொல் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2017 பிப்ரவரியில் ரோபோக்களுக்கான சட்ட விதிகள் குறித்து ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதுவும் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை எழுதிய மேரி ஷெல்லியின் அரக்கனைச் சொல்லித்தான் தொடங்குகிறது.

200 வருடப் பழைய பயங்கரக் கதை ஒன்றை ஒரு சட்டத் தீர்மானம் ஏன் துணைக்கு அழைக்க வேண்டும்? ‘மனிதன் கடவுள் வேலை பார்க்கக் கூடாது என்று எச்சரித்த நாவல் அல்லவா!’ என்பார்கள். நம் பக்கத்தில் ‘பஸ்மாசுரன் கதை மாதிரி’ என்று முடித்துவிடுவதும் உண்டு. இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை. பஸ்மாசுரன் வரம் வாங்கிய கையோடு வரம் கொடுத்தவர் தலையிலேயே கை வைக்கப் பார்த்தவன். மேரி ஷெல்லி படைத்தவன் முதல் கொலையைச் செய்யும் முன் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு யாருக்கும் தெரியாமல் விறகு வெட்டிப் போட்டவன், ஆற்றில் மூழ்கிய பெண்ணை இழுத்துக் கரை சேர்த்தவன். அவன் எப்படிக் கொலைகாரன் ஆனான், அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத்தான் நாவல் பக்கம் பக்கமாக விசாரிக்கிறது. அந்த விசாரணையை அடியிலிருந்து பார்ப்போம்.

கோதிக் என்ற வகை

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் கிளம்பிய கதை வகை கோதிக். 1764-ல் ஹொரேஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ராண்டோ கோட்டை’யை இதன் முதல் நாவலாகச் சொல்வார்கள். இடிந்த கோட்டை, பூட்டிய அறை, நள்ளிரவு, ஆவி எல்லாம் உண்டு. ஆனால் அந்த நாவலின் முன்னுரை கதையின் நீதி என்று குறிப்பிடுவது, தந்தையர் செய்த பாவம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை பிள்ளைகள் தலையில் விழும் என்பதை. ஆக, கோதிக் கதை பிறக்கும்போதே ‘செய்தவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர்’ என்ற கேள்வியோடுதான் பிறந்தது.

மேரி ஷெல்லி இதில் ஒரு பெரிய மாற்றம் செய்தார். ஆவியையும் சாபத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, பாவத்தை ஒரு மாணவனின் ஆய்வறைக்குக் கொண்டுவந்தார். மூன்று தலைமுறை காத்திருக்க வேண்டியதில்லை. சில வருடங்களிலேயே கணக்கு வந்து நிற்கிறது.

எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசி வானத்தை மறைத்ததால் 1816-ல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழையில் அடைபட்டுக் கிடந்த கவிஞர் பைரனும் மேரி உள்ளிட்ட நண்பர்களும் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பேசிக்கொண்டதில் விழுந்த விதை இது. நூல் 1818 ஜனவரி 1 அன்று ஆசிரியர் பெயரில்லாமல் 500 பிரதிகளாக வெளிவந்தது.

பிணத்துக்கு உயிர் கொடுப்பது அன்றைக்கு வெறும் கற்பனை இல்லை. 1803 ஜனவரியில் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் ஜோவான்னி ஆல்தினி என்ற இத்தாலிய விஞ்ஞானி மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது, வலது கை உயர்ந்து முஷ்டி பிடித்தது என்று பதிவாகியிருக்கிறது. கொலைக் குற்றவாளிகளின் பிணங்களை அறுவை மருத்துவர்களிடம் கொடுக்க 1752 முதல் சட்டமே இருந்தது. இன்னொரு பக்கம் மேரியின் சொந்த வாழ்க்கை. அவரைப் பெற்ற சில நாட்களில் தாய் இறந்துபோனார். 1815-ல் குறைமாதத்தில் பிறந்த முதல் குழந்தை சில நாட்களில் இறந்தது. கணப்பருகே வைத்துத் தேய்த்ததும் குழந்தைக்கு உயிர் வந்ததாகக் கனவு கண்டேன் என்று அந்த மார்ச் மாத நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஓர் உயிரைக் கொண்டுவருவது, அதற்குப் பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பது அவருக்குத் தத்துவக் கேள்வி மட்டுமல்ல.

கதை, தேவையான அளவு

விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் ஜெனீவாக்காரன். இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறான். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது இவன் பெயர்தான். இவன் உண்டாக்கிய உருவத்துக்கு நாவலில் பெயரே கிடையாது. பெயர் வைக்கும் வேலையைக்கூட விக்டர் செய்யவில்லை. ‘அரக்கன்’ என்று எழுதினால் தீர்ப்பை முன்கூட்டியே சொன்னதாகிவிடும் என்பதால், இங்கே அவனைப் பெயரில்லாதவன் என்றே வைத்துக்கொள்வோம்.

நவம்பர் இரவொன்றில் அது கண் திறக்கிறது. விக்டர் அருவருத்து அறையை விட்டு ஓடுகிறான். பெயரில்லாதவன் தானாகவே நடந்து, தானாகவே பேசவும் படிக்கவும் கற்று, போகும் இடமெல்லாம் அடிபடுகிறான். கடைசியில் விக்டரின் தம்பியான சிறுவன் வில்லியமைக் கொல்கிறான். அந்தப் பழி வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டின் மீது விழுந்து அவள் தூக்கிலிடப்படுகிறாள். தனக்கு ஒரு துணையைப் படைத்துத் தரச் சொல்லி விக்டரிடம் கேட்கிறான். விக்டர் ஒப்புக்கொண்டு, பாதி வேலையில் அதைச் சிதைக்கிறான். பிறகு நண்பன் கிளெர்வலும் மனைவி எலிசபெத்தும் கொல்லப்படுகிறார்கள். துரத்திக்கொண்டு வடதுருவம் வரை போகும் விக்டரை, ராபர்ட் வால்டன் என்ற கடல் பயணி பனிக்கடலில் கண்டெடுக்கிறான். மொத்தக் கதையும் வால்டன் தன் அக்காவுக்கு எழுதும் கடிதங்களாக நம்மிடம் வருகிறது.

பொறுப்பு எந்தெந்தக் கட்டத்தில் தவறியது?

‘உயிரைப் படைத்தது தவறு’ என்று ஒரே வரியில் சொன்னால் விக்டர் சுலபமாகத் தப்பிவிடுகிறான். அவன் தவறியது ஒரு இடத்தில் அல்ல.

1. வடிவமைப்பில். பெயரில்லாதவன் எட்டடி உயரம். ஏன்? நுணுக்கமான பாகங்களைச் சின்னதாகச் செய்ய நேரம் பிடிக்கிறது, பெரிதாகச் செய்தால் சீக்கிரம் முடியும் என்று விக்டரே சொல்கிறான். அந்த உருவத்தைப் பார்த்த மனிதர்கள் எல்லாம் அலறி ஓடக் காரணமான அந்த உயரம், வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காக எடுத்த முடிவு. நாவலில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் வரி இது. இன்றைய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் புரியும்.

2. பிறந்த அன்று. விக்டர் ஓடிப்போய்ப் படுக்கையில் விழுகிறான். கண் விழித்தால், திரையை விலக்கிக்கொண்டு அது நிற்கிறது. ஏதோ முனகுகிறது, முகத்தில் ஒரு இளிப்பு, ஒரு கை நீள்கிறது. தன்னைப் பிடிக்க வந்த கை என்று விக்டர் நினைக்கிறான். புதிதாகப் பிறந்தது கை நீட்டுவதற்கு வேறு அர்த்தமும் உண்டு என்பது அவனுக்குத் தோன்றவில்லை. மறுபடி ஓடுகிறான். பிறகு வீடு காலியாக இருப்பதைப் பார்த்ததும் மகிழ்ச்சியில் கைகொட்டுகிறான். அது எங்கே போயிற்று, யாரை என்ன செய்யும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

3. தெரிந்த பிறகு மறைத்ததில். இதுதான் ஜஸ்டின் விவகாரம். கீழே விரிவாக.

4. சரிசெய்யப் போனபோது. பனிமலையில் சந்திக்கும்போது பெயரில்லாதவன் வைக்கும் வாதம் நேரானது: எனக்கு நீ செய்ய வேண்டிய கடமையைச் செய், உனக்கும் மனித குலத்துக்கும் என் கடமையை நான் செய்கிறேன். படைத்தவனுக்குக் கடமை உண்டு என்பது அப்போதுதான் முதல்முறையாகத் தனக்கு உறைத்தது என்று விக்டரும் சொல்கிறான். வாக்குக் கொடுக்கிறான். பிறகு ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவில், இவ்விருவரும் பெருகி மனித இனத்தையே ஆபத்தில் ஆழ்த்தினால் என்ன செய்வது என்று பயந்து, பாதி செய்த பெண்ணுருவைக் கிழித்துப் போடுகிறான். அந்த முடிவு சரியாகக்கூட இருக்கலாம். விளைவைப் பற்றி அவன் முதன்முதலாக யோசித்ததே அங்கேதான். ஆனால் அந்த யோசனையையும் தனியாகவே செய்தான். விலை கொடுக்கப்போகும் கிளெர்வலுக்கோ எலிசபெத்துக்கோ ஒரு எச்சரிக்கைகூடப் போகவில்லை.

ஜஸ்டின் மோரிட்ஸ் வழக்கு

இந்த நாவலைப் பற்றிய கட்டுரைகளில் ஜஸ்டினுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கும். என் பார்வையில் நாவலின் முதுகெலும்பே அவள்தான்.

நடந்தது இது. வில்லியமைக் காணவில்லை. ஜஸ்டின் இரவெல்லாம் தேடி அலைகிறாள், அதனால் அவள் எங்கிருந்தாள் என்பதற்குச் சாட்சி இல்லை. சிறுவன் கழுத்தில் போட்டிருந்த, தாயின் படம் வைத்த பதக்கம் அவள் உடையில் கிடைக்கிறது. அதை அவள் உடை மடிப்பில் செருகியவன் பெயரில்லாதவன். ஜஸ்டினால் அதை விளக்க முடியவில்லை.

விக்டருக்கு உண்மை தெரியும். ஊர் திரும்பிய இரவில், மின்னல் வெளிச்சத்தில், கொலை நடந்த இடத்துக்கு அருகே அந்த உருவத்தைப் பார்த்துவிட்டான். அப்புறமும் பேசவில்லை. காரணங்கள் வைத்திருக்கிறான்: சொன்னால் பைத்தியம் என்பார்கள், கொலை நடந்தபோது நான் ஊரிலேயே இல்லை, எப்படியும் சாட்சியம் போதாமல் ஜஸ்டின் விடுதலையாகிவிடுவாள். ஒவ்வொன்றும் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சேர்த்து வைத்துப் பார்த்தால், பேசாமல் இருப்பதற்கு வசதியான காரணங்களாக மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறான் என்று தெரிகிறது.

ஜஸ்டின் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். ஒப்புக்கொள்ளாவிட்டால் திருச்சபையிலிருந்து விலக்கி நரகத்துக்கு அனுப்புவேன் என்று பாவமன்னிப்புக் கேட்கும் பாதிரியார் விடாமல் மிரட்டியிருக்கிறார். அவர் சொல்வதுபோல நான் ஒரு அரக்கிதானோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது என்று எலிசபெத்திடம் சொல்கிறாள். நாவலில் அந்தப் பட்டத்தைச் சட்டப்படி சுமந்து தூக்கு மேடை ஏறிய ஒரே ஆள் இந்தப் பணிப்பெண்.

நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் விக்டர் என்ன நினைக்கிறான் தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவளின் வேதனை என் வேதனைக்கு ஈடாகாது, அவளுக்குக் குற்றமற்றவள் என்ற ஆறுதலாவது இருக்கிறது, என்னை மனசாட்சி அல்லவா கடிக்கிறது! மேரி ஷெல்லி இதற்கு எந்த விமர்சனமும் சேர்க்கவில்லை. விக்டர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். குற்றவுணர்ச்சி படுவதையே பொறுப்பேற்பதாக எடுத்துக்கொள்ளும் மனிதனை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இடம் அந்தக் காலத்து நாவல்களில் எனக்கு வேறு தெரியவில்லை.

ஒரு பின்குறிப்பும் உண்டு. கதையின் பிற்பகுதியில் விக்டர் ஜெனீவாவில் ஒரு நீதிபதியிடம் போய் முழுக் கதையையும் சொல்கிறான். அவர் பைத்தியம் என்று விரட்டவில்லை; பொறுமையாகக் கேட்கிறார், பாதி நம்புகிறார், அப்படிப்பட்ட பிறவியைப் பிடிப்பது கஷ்டம் என்கிறார். ஆக, விக்டரால் பேச முடியும். பேசியது தன் மனைவியும் தந்தையும் போன பிறகு.

அப்படியானால் பெயரில்லாதவன் நிரபராதியா?

இல்லை. ‘நான் நல்லவனாக இருந்தேன், துன்பம் என்னைக் கொடியவன் ஆக்கியது’ என்று அவன் சொல்வது உண்மை. சமூகம் ஒதுக்கியதால் வந்த கோபம் என்று பல விமர்சகர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அது அவன் எப்படி அந்த இடத்துக்கு வந்தான் என்பதை விளக்குகிறது, வந்த பிறகு செய்ததை நியாயப்படுத்தாது. கவிஞர் மில்டனையும் வரலாற்றாசிரியர் புளூடார்க்கையும் படித்தவன் அவன். பதக்கத்தை ஜஸ்டின் உடையில் வைத்தது ஆத்திரத்தில் நடந்த காரியம் அல்ல, யோசித்துச் செய்த சதி. அவளுக்கும் அவனுக்கும் எந்தப் பகையும் இல்லை.

விக்டருக்கும் அவனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சாகக் கிடக்கும் விக்டர், என் கடந்த காலத்தை ஆராய்ந்து பார்த்தேன், என்மேல் குறை சொல்ல ஒன்றும் தெரியவில்லை என்கிறான். பெயரில்லாதவனோ விக்டரின் உடலருகே நின்று வால்டனிடம், உங்களுக்கு என்மேல் உள்ள வெறுப்பு எனக்கே என்மேல் உள்ள வெறுப்புக்கு ஈடாகாது என்கிறான். அதோடு நிற்காமல், மனித குலமே எனக்கு அநியாயம் செய்திருக்க, நான் ஒருவன் மட்டும்தான் குற்றவாளியா என்றும் கேட்கிறான். வாசலிலிருந்து அடித்து விரட்டிய இளைஞனையும், மூழ்கிய பெண்ணைக் காப்பாற்றியதற்குத் துப்பாக்கியால் சுட்டவனையும் நினைவுபடுத்துகிறான். ஒருவர் பொறுப்பு கூடினால் இன்னொருவர் பொறுப்பு குறையும் என்ற கணக்கு இந்த நாவலில் செல்லாது. எல்லோர் பங்கும் முழுசாக நிற்கிறது.

மேடையிலும் திரையிலும் பொறுப்பு நழுவிய விதம்

நாவலைப் படிக்காதவர்களும் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ தெரியும் என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது வேறு கதை. மாற்றம் மூன்று கட்டமாக நடந்தது.

முதலில் 1823-ல் லண்டனில் நாடகம் வந்தது. அதில் பெயரில்லாதவன் ஊமை. விளம்பரத் தாளில் அந்தப் பாத்திரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். நாடகம் பார்க்கப் போன மேரி ஷெல்லி அதை ரசித்தே எழுதியிருக்கிறார். ரசிக்கத்தக்கதுதான். ஆனால் வாயை எடுத்துவிட்டால், ‘உன் கடமையைச் செய்’ என்று யார் கேட்பது?

அடுத்து 1831-ல் மேரி ஷெல்லியே நாவலைத் திருத்தினார். அதற்குள் கணவரையும் மூன்று குழந்தைகளையும் இழந்திருந்தார். புதிய பதிப்பில் விக்டர் விதியைப் பற்றி நிறையப் பேசுகிறான், ஏதோ சக்தி என்னை இழுத்துச் சென்றது என்கிறான். அதனால் அவன் தேர்வு செய்தவன் என்பது மங்கி, மாட்டிக்கொண்டவன் என்பது தூக்கலாகிறது. பொறுப்பைப் பற்றி யோசிக்க விரும்புபவர்கள் 1818 பதிப்பைப் படிப்பதே நல்லது. கடைகளில் நெடுங்காலம் கிடைத்தது பெரும்பாலும் 1831 பதிப்புதான்.

மூன்றாவது, 1931-ல் வந்த ஹாலிவுட் படம். உதவியாள் நல்ல மூளை இருந்த ஜாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, குற்றவாளியின் மூளையைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அவ்வளவுதான், கேள்வி முடிந்தது! தீமை ஒரு பழுதான உதிரி பாகத்தில் இருக்கிறது, அதை எடுத்து வந்தவன் கைத்தடி. படைத்தவன் கை சுத்தம். நாவலில் தண்ணீரிலிருந்து சிறுமியைக் காப்பாற்றுபவன், படத்தில் ஒரு சிறுமியைத் தண்ணீரில் போட்டுச் சாகடிக்கிறான். 2010-ல் வந்த நம் ‘எந்திரன்’ வரை இந்த ஜாடி உடைந்துகொண்டே இருக்கிறது. காதலில் மனமுடைந்து, படைத்தவராலேயே வெட்டிக் குப்பையில் போடப்பட்ட சிட்டியின் கதை மேரி ஷெல்லிக்கு எவ்வளவோ பக்கத்தில் இருந்தது. சிவப்பு சிப் வந்ததும் பழி முழுக்க அந்த சிப்புக்கும் அதைப் பொருத்தியவனுக்கும் போய்விட்டது.

ஜெகில்: பொறுப்பைப் பிரித்து வைப்பது

இதே கேள்வியை வேறு பக்கமிருந்து கேட்டது ஸ்டீவன்சனின் ‘டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும்’ (1886). மதிப்புள்ள மருத்துவர் ஜெகில், தன் கெட்ட ஆசைகளுக்கென்றே ஹைட் என்ற இன்னொரு உருவத்தை மருந்து குடித்து உண்டாக்கிக்கொள்கிறார். ஹைடுக்குத் தனி வீடு, தனி வங்கிக் கணக்கு, தனிக் கையெழுத்துகூட உண்டு. குற்றம் செய்தது ஹைட், ஹைட் மட்டும்தான், ஜெகில் கெடவில்லை என்று எழுதியும் வைக்கிறார். வேறு பெயரில் துணை நிறுவனம் தொடங்கி அபாயத்தை அங்கே தள்ளிவிடும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது மாயக்கதையாகவே தோன்றாது. 1897-ன் ‘டிராகுலா’ இந்தப் பட்டியலில் சேராது. அங்கே தீமை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறது. அதைக் கொன்றுவிட்டால் மற்றவர்கள் நல்லவர்களாக வீடு திரும்பலாம்.

இன்றைய ஜஸ்டின்கள்

2018 மார்ச் 18 இரவு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்ற ஊரில், ஊபர் நிறுவனம் சோதனை ஓட்டம் விட்டிருந்த தானியங்கிக் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது மோதியது. அவர் இறந்தார். தானியங்கிக் காரால் பாதசாரி ஒருவர் இறந்த முதல் சம்பவம் அது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்னவற்றில் சில:

1. மோதலுக்கு 5.6 விநாடி முன்பே காரின் கருவி அவரைக் கண்டுவிட்டது. வாகனமா, வேறு ஏதோ பொருளா, சைக்கிளா என்று மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டிருந்தது.

2. பாதசாரிகள் கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஒரு மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்ற எண்ணமே மென்பொருளில் எழுதப்படவில்லை.

3. வால்வோ காரில் ஏற்கெனவே இருந்த அவசர பிரேக் வசதி, சோதனை ஓட்டத்தில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

4. முன்பு காரில் இருவர் கண்காணிப்புக்கு உட்கார்ந்த இடத்தில் ஒருவர் மட்டும் என்று நிறுவனம் குறைத்திருந்தது.

5. அந்த ஒருவர் அப்போது கைபேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தில் நான்கு நிறுவனத்தின் முடிவுகள். வாரியம் ஓட்டுநரின் கவனக்குறைவை முதற்காரணமாகச் சொல்லிவிட்டு, நிறுவனத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் மாநில அரசின் மேற்பார்வையையும் சேர்த்தே குறை கூறியது. குற்ற வழக்கு என்று வந்தபோது, நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர அடிப்படை இல்லை என்று 2019-ல் அரசு வழக்கறிஞர் அலுவலகம் சொல்லிவிட்டது. கூண்டில் ஏறியது அந்தக் கண்காணிப்பாளர் ஒருவர்தான். 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். ஜஸ்டினைப் போல அவர் நிரபராதி அல்ல, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் வடிவமைப்பு, பாதுகாப்பு ஏற்பாடு, மேற்பார்வை என்று பல அடுக்கில் நடந்த தவறு கடைசியில் கீழே நின்ற ஒற்றை ஆளின் மேல் வந்து இறங்கும் விதம் ஒன்றேதான்.

மைக்ரோசாஃப்டின் ‘டே’ என்ற அரட்டை மென்பொருள் 2016 மார்ச்சில் ட்விட்டருக்கு வந்து, அங்கிருந்தவர்கள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு இனவெறி பேச ஆரம்பித்தது. ஒரே நாளுக்குள் நிறுத்தினார்கள். யாரிடம் கற்கிறதோ அதுவாகவே ஆகும் என்பது பெயரில்லாதவன் கதையின் நடுப்பகுதி முழுக்க வருவதுதான்.

சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் விவகாரம் இன்னும் நெருக்கமானது. கருவிலேயே மரபணு திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக 2018 நவம்பரில் அறிவித்தார். உலகமே கொதித்தது. 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்று தலைப்புப் போட்ட பத்திரிகைகள் எல்லாம் படைத்தவரைப் பற்றியே எழுதின. பிறந்துவிட்ட குழந்தைகளின் உடல்நலத்தை வாழ்நாள் முழுக்க யார் கவனிப்பது, அவர்களது அந்தரங்கத்தை யார் காப்பது என்று கேட்டு, அதற்கென்றே ஒரு மையம் வேண்டும் என்று 2022-ல் சீன அறநெறி அறிஞர்கள் இருவர் முன்வைத்தார்கள். நாவலைச் சரியாகப் படித்தவர்கள் கேட்கும் கேள்வி அது.

படைப்பையே பொறுப்பாளி ஆக்கலாமா?

தொடக்கத்தில் சொன்ன ஐரோப்பியத் தீர்மானத்தில் விசித்திரமான ஒரு யோசனை இருந்தது. மிகவும் முன்னேறிய ரோபோக்களுக்கு ‘மின்னணு நபர்’ என்ற சட்டத் தகுதி கொடுத்து, அவை உண்டாக்கும் சேதத்துக்கு அவற்றையே பொறுப்பாக்குவது பற்றி ஆராயலாம் என்றது. முன்னுரையில் மேரி ஷெல்லியை அழைத்துவிட்டு, உள்ளே விக்டர் கேட்டிருந்தால் உடனே கையெழுத்துப் போட்டிருக்கக்கூடிய ஏற்பாட்டைச் சொல்கிறது! உற்பத்தியாளர்கள் நழுவ இது வழி செய்யும் என்று 2018-ல் நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்கள் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். அந்த யோசனை பிறகு சட்டமாகவில்லை. மாறாக, 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த புதிய விதி மென்பொருளையும் ‘உற்பத்திப் பொருள்’ கணக்கில் சேர்த்து, குறையுள்ள பொருளால் வரும் இழப்புக்குச் செய்தவரைப் பொறுப்பாக்குகிறது. உறுப்பு நாடுகள் அதை 2026 டிசம்பருக்குள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டும். இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் உற்பத்தியாளர் பொறுப்புக்குத் தனி அத்தியாயம் உண்டு. அங்கே ‘பொருள்’ என்பதன் விளக்கம் வாயு, திரவம், திடம் என்று பேசுகிறது. மென்பொருள் என்ற சொல் அந்த விளக்கத்தில் இல்லை.

மாலுமிகள்

நாவலின் இந்தப் பகுதி திரைக்கு வருவது அபூர்வம். வால்டனின் கப்பல் பனிப்பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறது. வழி திறந்தால் தெற்கே திரும்பிவிட வேண்டும் என்று மாலுமிகள் வந்து கேட்கிறார்கள். சாகக் கிடக்கும் விக்டர் எழுந்து அவர்களைத் திட்டுகிறான்: ஆண்களாக இருங்கள், கோழைகளாகத் திரும்பாதீர்கள். இவ்வளவு நடந்த பிறகும் இப்படித்தான் பேசுகிறான். வால்டனும் ஞானம் பெற்றுத் திரும்பவில்லை. மனசுக்குள் புழுங்கிக்கொண்டே, அவர்கள் சம்மதமில்லாமல் அவர்களை ஆபத்துக்குள் கொண்டுபோக முடியாது என்பதால் திரும்புகிறான். கப்பலில் இருந்தவர்கள் உயிர் பிழைத்தது தலைவனின் மனசாட்சியால் அல்ல, கூலிக்கு வந்தவர்கள் மறுத்ததால்.

தலைவர்களின் மனசாட்சி எப்படிப் பேசும் என்பதற்கு அண்மைய உதாரணம் ஒன்று. செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் 2023 மே மாதம் கூகுளை விட்டு வெளியே வந்து, அந்தத் தொழில்நுட்பத்தின் ஆபத்துகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். விக்டர் செய்யாததைச் செய்தார், அதற்கு மரியாதை உண்டு. ஆனால் அப்போது அளித்த பேட்டியிலேயே, நான் செய்திருக்காவிட்டால் வேறு யாராவது செய்திருப்பார்கள் என்ற வழக்கமான சமாதானத்தைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்வதாகவும் சொன்னார். விக்டரின் கடைசி வார்த்தைகளும் ஏறக்குறைய அங்கேதான் போய் முடிகின்றன: பேராசை வேண்டாம் என்று வால்டனிடம் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே, நான் தோற்றேன், வேறொருவன் வெல்லலாம் என்கிறான்.

மாலுமிகளின் பக்கத்துக்கும் உதாரணம் உண்டு, அதே கூகுளிலேயே. ட்ரோன்கள் எடுக்கும் படங்களை அலசித் தரும் அமெரிக்க ராணுவத் திட்டத்தில் நிறுவனம் சேர்ந்திருப்பது தெரிந்ததும், 2018-ல் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள், சிலர் வேலையை விட்டார்கள். அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவை ஆயுதங்களுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று கொள்கை அறிக்கையும் வெளியிட்டது. 2025 பிப்ரவரியில் அந்த வாக்குறுதியைக் கொள்கை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.